நிறமாலை அளவீடு: மத்தாப்பும் சூரியனும் குருதியும்

நிறமாலை அளவீடு என்பது ஒரு பொருள் வெளிவிடும் ஒளியையோ விழுங்கும் ஒளியையோ அலைநீள வாரியாகப் பிரித்து, அப்பொருள் எது, எவ்வளவு உள்ளது, எந்த நிலையில் உள்ளது என்று கண்டறியும் முறையாகும். கையால் தொட முடியாத சூரியனை ஆராய வானியலாளர்கள் இதைப் பயன்படுத்தினர். திறந்து பார்க்க முடியாத உடலை ஆராய மருத்துவர்களும் இதையே பயன்படுத்தினர். இரண்டுக்கும் அடிப்படையாக அமைந்தது, உப்பைத் தீயில் இட்டால் சுடரின் நிறம் மாறும் என்னும் எளிய உண்மை. அந்த உண்மையைத் தொழிலாகக் கொண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி அமைந்த பட்டாசு வட்டாரத்தில் அச்சங்குளமும் ஒன்று. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கு ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பேன்சி ரகம் எனப்படும், வானில் சென்று வண்ணப் பூக்களாக விரியும் பட்டாசுகளுக்கான மருந்தைக் கையாளும்போது அது நேர்ந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அவ்வட்டாரத்திலிருந்து வடக்கே, நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், பழனி மலை மீது கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உள்ளது. ஒன்று நிறச் சுடர்களை உண்டாக்கி விற்கும் இடம். மற்றொன்று நூறாண்டுக்கும் மேலாக ஒரு பெரும் சுடரின் நிறத்தை நாள்தோறும் பதிவு செய்த இடம். இரண்டும் மழையின்மையோடு தொடர்புடைய வரலாறு கொண்டவை.

சுடரைப் படித்தவர்கள்

மேல்நிலைப் பள்ளி வேதியியல் செய்முறை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்த மாணவர்களுக்குச் சுடர் சோதனை பழக்கமானது. ஸ்ட்ரான்சியம் செஞ்சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, கால்சியம் செங்கல் சிவப்பு என்று மனப்பாடம் செய்வது வழக்கம். இச்சோதனையின் குறை என்னவென்றால், கண் ஏமாறும். சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் ஒளி மற்ற நிறங்களை அமுக்கிவிடும். பொட்டாசியத்தின் வெளிர் ஊதாவைக் காண கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ராபர்ட் புன்சனும் இப்படி நிறக் கண்ணாடிகளைக் கொண்டே சுடர்களை ஆராய்ந்து வந்தார். உடன் பணியாற்றிய இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்க்காஃப், கண்ணாடியை விட்டுவிட்டு ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி விரித்துப் பார்க்கலாம் என்றார். அதுவரை ஒரே நிறமாகத் தெரிந்த சுடர், தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் இருந்தன. கலவையில் எத்தனை தனிமங்கள் இருந்தாலும் அவற்றின் கோடுகள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. சோடியத்தில் ஒரு மில்லிகிராமின் முப்பது இலட்சத்தில் ஒரு பங்கையும் காண முடியும் என்று 1860இல் அவர்கள் எழுதினர். அக்காலத்தின் எந்தத் தராசும் அதன் அருகில்கூட வர முடியாது. அதே முறையால் சீசியம், ரூபிடியம் என்னும் இரு புதிய தனிமங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிப்பட்டன.

இவ்விருவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தொலைவில் இருந்த மன்ஹைம் நகரில் ஓர் இரவு தீப்பிடித்தபோது, ஹைடல்பெர்க்கில் தம் ஆய்வகச் சாளரத்தில் நின்று நிறமாலைநோக்கியை அத்தீயை நோக்கித் திருப்பினராம். தீயில் பேரியத்தின் பச்சைக் கோடுகளும் ஸ்ட்ரான்சியத்தின் சிவப்புக் கோடும் தெரிந்தனவாம். பல கிலோமீட்டர் தொலைவில் எரிவதை இங்கிருந்தே சொல்ல முடியுமானால், சூரியனில் எரிவதை ஏன் சொல்ல முடியாது என்ற எண்ணம் அப்போது எழுந்தது என்பர். கதை எவ்வளவு மெருகேறியிருந்தாலும், பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சிவகாசி வானவேடிக்கையின் பச்சைக்கும் சிவப்புக்கும் காரணமான அதே இரண்டு தனிமங்கள் என்பது கவனிக்கத்தக்கது.

சூரிய நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை ஜோசப் ஃபிரான்ஹோஃபர் 1814ஆம் ஆண்டளவிலேயே கண்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோடுகளை வரைபடமாக்கியிருந்தார். அவை ஏன் உண்டாகின்றன என்பது விளங்கவில்லை. சூடான வளிமம் எந்த நிறத்தை உமிழ்கிறதோ, பின்னாலிருந்து வரும் வலிய ஒளியில் அதே நிறத்தை விழுங்கும் என்று 1859இல் கிர்க்காஃப் விளக்கினார். சோடியச் சுடரின் மஞ்சள் கோடும் சூரியனில் 'டி' என்று பெயரிடப்பட்டிருந்த கருங்கோடும் ஒரே இடத்தில் விழுந்தன. ஆகவே சூரியனில் சோடியம் உண்டு. விண்மீன்களின் வேதியியல் மனிதருக்கு என்றும் எட்டாது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் ஒகுஸ்த் கோம்த் 1835இல் எழுதி அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

1868: குண்டூரும் மசூலிப்பட்டினமும்

புதிய கருவியைச் சோதிக்க இந்தியாவே களமானது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் சென்னை மாகாணத்தின் வடபகுதி வழியே சென்றது. பிரான்சிலிருந்து வந்த ஜூல்ஸ் ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றார். அவரது உதவியாளரும், முந்தைய ஆண்டில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி மற்றொரு குழுவுடன் வனபர்த்திக்குச் சென்றார்.

கிரகணத்தின்போது சூரிய விளிம்பில் தெரியும் செந்நிறச் சுவாலைகளை நிறமாலைநோக்கியால் பார்த்தபோது அவை ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. எனவே அவை ஒளிரும் வளிமங்கள் என்பது உறுதியாயிற்று. அக்கோடுகளுள் மஞ்சளாக ஒன்று இருந்தது. பலரும் அதைச் சோடியத்தின் கோடு என்று கருதினர். போக்சன் அது சோடியத்தின் இடத்தில் சரியாக விழவில்லை என்பதைக் குறித்தார். அவரது அறிக்கை சென்னையிலேயே அச்சாகிப் பரவலாகச் சென்றடையவில்லை. சுவாலைகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் காணலாம் என்பதை ஜான்சன் மறுநாளே குண்டூரில் காட்டினார். இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் அதே ஆண்டு அக்டோபரில் தனியே அதைச் செய்தார்; மஞ்சள் கோடு புவியில் அறியப்படாத ஒரு தனிமத்தினுடையது என்ற முடிவுக்கு வந்து, சூரியனின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார். புவியில் வில்லியம் ராம்சே அதைப் பிரித்தெடுத்தது 1895இல். ஒரு தனிமம் ஆய்வகத்தில் பிடிபடுவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே அளவீட்டில் பிடிபட்டுவிட்டது. அதைக் கண்டவர்களின் பட்டியலில் போக்சனின் பெயர் பின்வரிசைக்குப் போனதற்கு அவரது அளவீடு காரணமன்று. அச்சும் விநியோகமுமே காரணம்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சூரிய ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு காணப்பட்டது. அதற்கும் ஒரு புதிய தனிமம் கற்பிக்கப்பட்டு, 'கொரோனியம்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. ஆனால் இம்முறை அப்படி எதுவும் கிடைக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின், அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்று தெரிந்தது. இரும்பை அப்படி உரிக்கப் பத்து இலட்சம் பாகை அளவிலான வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஆறாயிரம் பாகைக்கும் குறைவு. அதன் அலைநீளம் 530.3 நானோமீட்டர். மத்தாப்பின் பச்சையை உண்டாக்கும் பேரியம் குளோரைடு மூலக்கூறின் பட்டைகள் ஏறத்தாழ 507 முதல் 532 நானோமீட்டர் வரை உள்ளன. கண்ணுக்கு இரண்டும் பச்சையே. ஒன்று கையில் பிடிக்கும் தீ. மற்றொன்று பத்து இலட்சம் பாகைத் தீ. வேறுபாட்டைச் சொல்வது நிறமாலை மட்டுமே.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பஞ்சத்தைத் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்பர். இறந்தோர் தொகை ஐம்பது இலட்சத்தைத் தாண்டியது என்பது பரவலான மதிப்பீடு. பிரிட்டிஷ் ஆட்சி தானியத்தைக் கையாண்ட முறையே சாவுகளைப் பெருக்கியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் காட்டியுள்ளனர். அன்றைய அலுவலர் சிலரோ காரணத்தை வானத்தில் தேடினர். புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் வில்சன் ஹன்டர், சென்னை வானாய்வகம் 1813 முதல் வைத்திருந்த மழைக் கணக்கை எடுத்து, சூரியப்புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு ஒப்பிட்டார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்றார். 1877இல் அவரும் லாக்கியரும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பே சூரியப்புள்ளிகளும் பஞ்சங்களும் என்பதுதான்.

அந்த உறவு பின்னர் தாக்குப்பிடிக்கவில்லை. ஆட்சியாளருக்கு அது வசதியான விளக்கமாகவும் இருந்தது. சூரியனைக் குற்றம் சாட்டினால் கிடங்குகளைப் பற்றிக் கேள்வி எழாது. எனினும், சூரியனை நாள்தோறும் கண்காணித்தால் பருவமழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கை ஓர் ஆய்வகத்துக்குப் பணம் பெற்றுத் தந்தது. போக்சன் 1882லேயே தென்னிந்திய மலையொன்றில் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் 1891இல் இறந்தபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அப்பொறுப்புக்கு வந்தார். 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் லண்டனில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் அது இந்திய அரசின் ஆய்வகமானது. 1901இல் முறையான நோக்கீடுகள் தொடங்கின.

நாளுக்கு ஒரு தட்டு

கொடைக்கானலின் பெருமை ஒரு கண்டுபிடிப்பில் மட்டும் இல்லை. அலுப்பூட்டும் ஒழுங்கில் உள்ளது. மேகம் இல்லாத ஒவ்வொரு காலையிலும் சூரியனின் படம் கண்ணாடித் தட்டில் பதிவாயிற்று. 1904இல் வந்த நிறமாலைப் படக்கருவி, கால்சியத்தின் 'கே' கோடு என்னும் ஒற்றை ஊதா நிறத்தில் மட்டும் சூரியனைப் படம் எடுத்தது. அக்கோட்டில் பார்த்தால் காந்தப்புலம் வலுத்த பகுதிகள் பளிச்செனத் தெரியும். சாதாரண ஒளியில் அவை தெரியா. 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் படங்கள் எடுக்கப்பட்டன. ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே வகைக் கருவியால், இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் தழுவிய இத்தகைய பதிவு உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. அத்தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் பிற்காலத்தில் எண்முறைப் படுத்தியது. காந்தப்புலத்தை நேரடியாக அளக்கத் தெரியாத காலத்தில் சூரியன் எப்படி இருந்தது என்பதை இன்றைய ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து மீட்டெடுக்கின்றனர். பதிவு செய்தவர்கள் அந்தப் பயனை நினைத்துப் பதிவு செய்யவில்லை.

1907இல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப்புள்ளி ஒன்றின் நிறமாலையைப் பதிந்தபோது, புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் சற்றே நகர்ந்திருக்கக் கண்டார். நெருங்கி வரும் வண்டியின் ஊதல் உச்சத்திலும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் ஒலிக்கும் டாப்ளர் விளைவு ஒளிக்கும் பொருந்தும். புள்ளியின் நடுவிலிருந்து வளிமம் விளிம்பை நோக்கி வெளியே ஓடுகிறது என்று எவர்ஷெட் முடிவு செய்தார். வேகம் நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். 600 நானோமீட்டர் அலைநீளத்தில் இவ்வேகம் உண்டாக்கும் நகர்வு வெறும் 0.004 நானோமீட்டர். புள்ளிகள் சூறாவளி போலச் சுழலும் என்று அப்போது எதிர்பார்த்தனர். எவர்ஷெட்டின் அளவு அந்த எதிர்பார்ப்புக்கு இணங்கவில்லை. இவ்வோட்டம் இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

டாப்ளரின் அதே கணக்கைக் கொண்டுதான், ஒளிக்குப் பதில் மீயொலியை அனுப்பி, இதயத்திலும் நாளங்களிலும் குருதி ஓடும் வேகத்தை மருத்துவர்கள் அளக்கின்றனர். கருவுற்ற தாய்க்கு எடுக்கும் ஸ்கேனில் தொப்புள்கொடியின் ஓட்டத்தைப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

கரிசல் மண்ணின் மருந்து

வானம் பார்த்த பூமியான சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் மழை பொய்த்தால் வேலையும் பொய்க்கும். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். விவசாயத்துக்கு எதிரியான வறண்ட காற்று தீப்பெட்டிக்குத் துணையாயிற்று. மருந்து முக்கிய குச்சி விரைவில் காய்ந்தது. தீக்குச்சியிலிருந்து வண்ணத் தீக்குச்சிக்கும் மத்தாப்புக்கும், பிறகு வெடிகளுக்கும் தொழில் விரிந்தது. மலைமேல் சூரியனைப் படம் பிடிக்கத் தூண்டிய மழையின்மையே மலையடிவாரத்துக்கு அப்பால் வேறொரு வகையில் சுடரைப் பிழைப்பாக்கியது.

பேன்சி ரக வெடிக்குள் இருப்பது மணி மருந்து எனப்படும் சிறு உருண்டைகள். ஆக்சிஜன் தரும் நைட்ரேட்டு, எரியும் அலுமினியத் தூள், நிறத்துக்கான உலோக உப்பு, பிணைக்கும் பசை ஆகியவற்றைப் பிசைந்து உருட்டி உலர்த்துவர். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. நீலமே கடினமானது; செம்புச் சேர்மம் கூடுதல் வெப்பத்தில் சிதைந்து நிறம் வெளுத்துவிடும். பேரியம் நைட்ரேட்டு பச்சை நிறத்துக்கு மட்டும் பயன்படவில்லை. கம்பி மத்தாப்பு முதலான பல வகைகளில் ஆக்சிஜன் தருவதும் அதுவே. பின்னர் வந்த தடை இத்தொழிலை ஏன் அப்படி உலுக்கியது என்பதற்கு இதுவே காரணம்.

நிறமாலை ஒரு கலவையில் என்ன உள்ளது என்று சொல்லும். அது எப்போது வெடிக்கும் என்று சொல்லாது. அதற்கு வேறு அளவீடுகள் உள்ளன. குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிட்டு எந்த உயரத்தில் கலவை வெடிக்கிறது என்று பார்ப்பது ஒன்று. பீங்கான் முனையை அழுத்தித் தேய்த்து எத்தனை நியூட்டன் விசையில் பற்றுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை மிகச் சிறிய உராய்விலேயே பற்றும் என்பதால் இந்தியாவில் அதற்குத் தடை உள்ளது.

குருதியின் கருங்கோடுகள்

கிர்க்காஃபின் விளக்கம் வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குள், 1862இல், ஜெர்மன் மருத்துவ வேதியியலாளர் ஃபெலிக்ஸ் ஹோப்பே-செய்லர் குருதிக் கரைசல் வழியே ஒளியைச் செலுத்தி, பச்சைப் பகுதியில் இரண்டு கரும்பட்டைகளைக் கண்டார். 1864இல் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அக்குருதியிலிருந்து ஆக்சிஜனை நீக்கினார். இரண்டு பட்டைகளும் மறைந்து அகன்ற ஒரே பட்டை தோன்றியது. காற்றோடு குலுக்கியதும் இரண்டும் திரும்பின. குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையைக் கண்ணால் பார்த்த முதல் சோதனைகளுள் இது ஒன்று.

உடல் உப்புகளின் அளவுக்கு வர மேலும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின. குருதியில் சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்பது உயிர்காக்கும் தகவல். பொட்டாசியம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இதயம் தடுமாறும். வேதியியல் முறையில் அதை வீழ்படிவாக்கி எடைபோட மணிக்கணக்கில் ஆகும், நோயாளி காத்திருக்கமாட்டார். 1940களில் பரவிய சுடர் ஒளிமானி இதைச் சில நிமிட வேலையாக்கியது. நீர்த்த சீரத்தைச் சுடரில் தெளித்து, வடிகட்டிக் கண்ணாடி வழியே வரும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளப்பதே அதன் முறை. சோடியத்துக்கு 589, பொட்டாசியத்துக்கு 766 நானோமீட்டர். புன்சனின் சுடர் சோதனைதான். கண்ணின் இடத்தில் மின்கலம். மின்முனைக் கருவிகள் வரும்வரை மருத்துவமனை ஆய்வகங்களில் அதுவே நாளாந்தக் கருவியாக இருந்தது.

ஒரு மருந்தின் வரலாறே அக்கருவியைச் சார்ந்துள்ளது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனவெழுச்சி நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் உப்புக்கு மாற்றாக விற்ற லித்தியம் குளோரைடால் சிலர் இறந்தனர். குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. லித்தியம் சுடரில் செக்கச் சிவப்பாக எரியும். ஆகவே சுடர் ஒளிமானி அதையும் அளக்கும். மெல்போர்னில் எட்வர்ட் டிராட்னர் குழுவினர் 1951 அளவில் நோயாளிகளின் குருதியில் லித்தியத்தை இவ்வாறு கண்காணித்துக் காட்டிய பின்னரே அம்மருந்தைத் துணிந்து கொடுக்க வழி பிறந்தது.

அதே மெல்போர்னில் 1952இல் ஆலன் வால்ஷ் வேறொரு கேள்வி எழுப்பினார். வேதியியலாளர்கள் ஏன் எப்போதும் சுடர் உமிழும் ஒளியையே அளக்கின்றனர்? சூரியனின் கருங்கோடுகளைப் போலச் சுடரில் உள்ள அணுக்கள் விழுங்கும் ஒளியை அளந்தால் என்ன? சுடரில் ஒளிரும் அணுக்கள் மிகச் சில. ஒளிராமல் இருப்பவையே பெரும்பகுதி. அவற்றை எண்ண உட்கவர்தலே ஏற்றது. 1955இல் அவர் வெளியிட்ட அணு உட்கவர் நிறமாலை முறை, குருதியில் கால்சியம், மக்னீசியம், ஈயம் ஆகியவற்றை அளக்கப் பயன்பட்டது. ஃபிரான்ஹோஃபரின் கோடுகள் வானாய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்துசேர நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின.

பேரியத்தைத் தேடுதல்

மருத்துவமனையில் வயிற்றை எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்முன் குடிக்கக் கொடுக்கும் வெண்ணிறக் கஞ்சி பேரியம் சல்பேட்டு. அது நீரில் கரையாது. எனவே தீங்கின்றி வெளியேறும். கரையும் பேரியம் உப்புகளின் கதை வேறு. அவை உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே வரும் வாயில்களை அடைத்துவிடுகின்றன. குருதியில் பொட்டாசியம் விரைவாகச் சரியும். தசைகள் தளரும், மூச்சுத் தசைகளும் தளரலாம், இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும். மருத்துவர் செய்ய வேண்டியது பொட்டாசியத்தை ஏற்றி, அதன் அளவை அடிக்கடி அளப்பது. பச்சைச் சுடர் தரும் உலோகம் உடலுக்குள் செய்த கேட்டை ஊதாச் சுடர் தரும் உலோகத்தின் அளவைக் கொண்டு அறிகின்றனர்.

2018 அக்டோபர் 23 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இடமளித்தது. அதைத் தொடர்ந்து சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் வருமானமின்றிப் போராட்டத்தில் இறங்கின. பேரியத்துக்கு அனுமதி கோரிய மனுவை நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மீண்டும் மறுத்தது. தடைக்கும் அளவீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தீபாவளிக்கு ஏழு நாள் முன்பும் ஏழு நாள் பின்பும் காற்றில் அலுமினியம், பேரியம், இரும்பு ஆகியவற்றை அளக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு ஆணையிட்டது.

அந்த அளவீடு நடக்கும் முறை புன்சனுக்குப் புரிந்திருக்கும். காற்றை வடிகட்டித் தாள் வழியே இழுத்து, படிந்த தூசியை அமிலத்தில் கரைத்து, ஆர்கான் பிளாஸ்மாவில் தெளிப்பர். அதன் வெப்பம் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் பாகை வரை; சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். அங்கு பேரியம் உமிழும் கோட்டின் வலிமை, காற்றில் எத்தனை மைக்ரோகிராம் பேரியம் இருந்தது என்று காட்டும். வெடிக்குள் பேரியம் கலந்துள்ளதா என்று ஆலைச் சரக்கைச் சோதிப்பதும் இதே வழியில்தான்.

இக்கண்காணிப்பு நகரங்களின் காற்றைப் பற்றியது. அதாவது வெடிப்பவர் மூச்சைப் பற்றியது. ஆலையின் சிறு அறைகளில் மணி மருந்தைப் பிசைபவர் மூச்சைப் பற்றியதன்று. நாளெல்லாம் மருந்துத் தூளோடு பழகும் கைகளில் பெரும்பகுதி அருகிலுள்ள சிற்றூர்களின் கைகள். அவற்றுள் பெண்களுடையவை ஏராளம். தொழிலாளியின் சிறுநீரிலும் குருதியிலும் உலோகங்களை அளக்கும் கருவி புதிதன்று. காற்றுத் தூசியை அளக்கும் அதே கருவிதான்.

தீயணைந்த பின்

வெடி விபத்தில் தீப்புண் மட்டும் உயிரைப் பறிப்பதில்லை. மூடிய அறையில் புகையை மூச்சிழுத்தவர் குருதியில் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது. ஹீமோகுளோபினோடு அது சேரும் நாட்டம் ஆக்சிஜனைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட குருதி நல்ல சிவப்பாகவே இருக்கும். அதை வேறுபடுத்தும் சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. கார்பன் மோனாக்சைடு கலந்த குருதியும் பச்சைப் பகுதியில் இரண்டு பட்டைகளைக் காட்டும்; ஆனால் ஸ்டோக்ஸ் செய்ததுபோல ஆக்சிஜனை நீக்கும் பொருளைச் சேர்த்தால் அவை மறைவதில்லை. தடயவியல் மருத்துவர்கள் இதை நெடுங்காலம் பயன்படுத்தினர்.

விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரை கோவிட் காலத்துக்குப் பின் அறியாதவர் இல்லை. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் உருவாக்கிய முறை அது. 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு ஒளியும் 940 அளவில் அகச்சிவப்பும் விரல் வழியே செல்லும். நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டின் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் செறிவைக் கருவி கணக்கிடும். இரண்டு அலைநீளங்களால் இரண்டு பொருள்களை மட்டுமே பிரித்தறிய முடியும்: ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபின், இல்லாத ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த மூன்றாவது வகை, சிவப்பு ஒளியை ஆக்சிஜன் சேர்ந்ததைப் போலவே விட்டுவிடுவதால், கருவி அதையும் ஆக்சிஜனாக எண்ணிக்கொள்ளும். புகையில் மூச்சுத்திணறி மீட்கப்பட்ட ஒருவரின் விரலில் 98 என்று காட்டும்போது உண்மையில் அவருடைய ஹீமோகுளோபினில் மூன்றில் ஒரு பங்கு செயலற்றிருக்கலாம். இதனால் புகை சுவாசித்தவர்களுக்கு, பல அலைநீளங்களில் அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் என்னும் கருவியில் குருதி மாதிரியைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அந்த முடிவு வரும்வரை, விரல்நுனி எண் எதுவாக இருந்தாலும், முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுப்பது நிறுத்தப்படுவதில்லை.